கழிவு

ஊத்தான் மெலிந்தாங்கில் மீன் சந்தைக்குப் பின்னால்
எடைப்பாலம். ஓரத்தில் தகரக் கொட்டகை.
உள்ளே ஒரு மின்விசிறி, ஒரு முத்திரைக் கட்டை, நான்.
செம்பனை லாரி ஏறும்போதெல்லாம்
என் நாற்காலி லேசாகத் தூக்கிப் போடும்.
பன்னிரண்டு வருடத்தில் எத்தனை டன்
என் முதுகெலும்பு வழியாகப் போனது?
அதற்குச் சீட்டு இல்லை.

ஏழு மணிக்குக் கோமளவல்லி வருவாள்.
மோட்டார் சைக்கிள், பக்கவாட்டில் பெட்டி,
பதினெட்டுக் குலை, உதிரிப் பழம் ஒரு சாக்கு.
சின்னத் தராசில் இறக்குவோம்.
காம்பு நீளம் என்று கழிப்பேன்.
கருங்காய் என்று கழிப்பேன்.
மழை பெய்திருந்தால் ஈரத்துக்கும் கழிப்பேன்.
"வானத்துக்கும் நானாய்யா தெண்டம் கட்டணும்?"
பேனா நிற்காது.

தவுக்கே பூன் கியாட் நல்லவரா என்று கேட்காதீர்கள்.
அவள் மகன் பாலிடெக்னிக் போனது அவர் கொடுத்த முன்பணத்தில்.
அந்த முன்பணம் தீராமல் இருப்பதும் அவர் கையால்தான்.
இரண்டும் ஒரே நோட்டுப் புத்தகம்,
எதிரெதிர்ப் பக்கம்.

போன மாதம் ஆலையிலிருந்து ஒரு பையன் வந்தான்.
வெள்ளைக் காலணி. எங்கள் சேற்றில் அதற்கு ஆயுசு
பத்து நிமிடம்.
கடலுக்கு அப்பால் வாங்குகிறவர்கள் கேட்கிறார்களாம்:
இந்த எண்ணெய்க்காக எந்தக் காடு விழுந்தது?
நல்ல கேள்வி. கேட்கவேண்டிய கேள்வி.
அது இங்கே வந்து சேரும்போது
நான்கு பக்கப் படிவமாகியிருந்தது.
உரிம எண். நிலத்தின் மூலைகள். பட்டா யார் பெயரில்.

கோமளவல்லியின் மூன்று ஏக்கர்
இன்னும் அவள் மாமனார் பெயரில்.
அவர் சங்கு ஊதிப் போய் பத்தொன்பது வருடம்.
காடு எதையும் வெட்டாதவள்;
காகிதத்தில் மட்டும் எங்கிருந்தோ வந்தவள்.

தவுக்கே கணக்குப் புத்தகத்தைப் புரட்டினார்.
"முஸ்தபா நம்பர்ல எழுது.
அவளுக்கு ரெண்டு காசு கொறச்சுப் போடு."
எழுதினேன்.

முஸ்தபா மறுநடவு செய்து எட்டு மாதம்தான் ஆகிறது.
கன்றுகள் முழங்கால் உயரம்.
மாதக் கடைசியில் அவை நான்கு டன் காய்த்திருந்தன.
ஆலை எங்களுக்குச் சான்றிதழ் அனுப்பியது:
மூலம் அறியப்பட்டது, நூறு விழுக்காடு.
சட்டம் போட்டு மாட்டினோம், காலண்டருக்குப் பக்கத்தில்.

சேதி எப்படியோ முஸ்தபாவுக்குப் போய்விட்டது.
சிரித்துக்கொண்டே வந்து நின்றார்.
"என் கன்னுங்க காய்ச்சிருக்காமே,
ஒரு குலைய கண்ணால காட்டுங்களேன்."
பிறகு சிரிப்பை நிறுத்தி
கிலோவுக்கு ஒரு காசு கேட்டார்.
தவுக்கே தலையாட்டினார், என்னைப் பார்த்து.

அந்த ஒரு காசு தவுக்கேயிடமிருந்து போகாது.
ஆலையிடமிருந்து போகாது.
கடலுக்கு அப்பால் பிஸ்கட் தின்கிறவரிடம்
கேட்க எனக்கு முகவரி தெரியாது.

இன்று காலை ஏழு மணி.
பதினாறு குலை. பழுத்த பழம், காம்பு ஒட்ட வெட்டியது.
கழிக்க ஒன்றும் இல்லை.
அவளும் அதைத் தெரிந்துகொண்டு
தராசையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
ஒன்பது நாளாக மழை இல்லை.
லாரிகள் எழுப்பிய செம்புழுதி
சீட்டுக் கட்டின் மேல்.
ஊதிவிட்டு,
ஈரம் என்று எழுதினேன்.