ஒரு எஸ், ஒரு காற்புள்ளி

அக்ரிலிக் எழுத்து ஒன்றுக்கு ஏழு வெள்ளி.
தலைக்கு மேல் தொங்கும் காற்புள்ளிக்கும்
அதே விலைதான் என்றால் ஒப்புக்கொள்வதில்லை யாரும்.
நகம் வெட்டிப் போட்டதுபோல் இருக்கிறது,
இதற்கா காசு என்பார்கள்.
சின்னதைத்தான் இயந்திரம் அதிகம் தொலைக்கும்.
உபியில் என் பட்டறைத் தரையைக் கூட்டினால்
யார் யாருடைய உடைமைகளோ வாரி வரும்.

அவர்கள் சேர்ந்துதான் வந்தார்கள்.
தோ பாயோ லோரோங் எட்டில்
கீழ்த்தளக் கடை எடுத்திருந்தார்கள்.
ஹுவே ஷான் கால்சட்டை குட்டையாக்குவாள்,
அம்சவேணி ரவிக்கை.
தாளில் எழுதி வந்தது:
ஹுவே ஷான்ஸ் அண்ட் அம்சவேணிஸ் டெய்லரிங்.

ஒரு எஸ் போதும் என்றேன்.
கடை ஒன்றுதானே.
உடைமை கடைசிப் பெயரில் மட்டும் தொங்கும்,
முந்திய பெயர் 'அண்ட்' மேல் சாய்ந்துகொள்ளும்.
"லைக் தட் ஷாப் ஹெர் ஒன் லா,
நாட் மை ஒன்," என்றாள் ஹுவே ஷான்.
பதினான்கு வெள்ளி மிச்சம் என்றதும்
இருவரும் ஒரே நேரத்தில் தலையாட்டினார்கள்.

கீழே தமிழிலும் ஒரு வரி கேட்டாள் அம்சவேணி.
அங்கேதான் மாட்டிக்கொண்டேன்.
'இன்' ஒருத்தி பெயரில் ஒட்டினால்
மற்றவள் வெளியே நிற்கிறாள்.
இரண்டிலும் ஒட்டினால்
'உம்' வந்து உட்கார மறுக்கிறது.
இந்த மொழியில் முதலில் ஆளை எண்ணவேண்டும்,
அப்புறம்தான் சொத்துப் பேச்சு.
ஹுவே ஷான், அம்சவேணி இருவரின் தையலகம்.
எழுதிக் காட்டியபோது
"இது கொஞ்சம் கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்கு,"
என்று சிரித்தாள்.

அதே ஆண்டுதான் ஃபிர்தாவ்ஸ்,
என் பட்டறைப் பையன்,
தெங்காவில் வீட்டுச் சாவி வாங்கினான்.
கதவுக்கு ஒரு பலகை வெட்டினான்.
மீ அண்ட் நூருல்ஸ் ஹவுஸ். பேச நன்றாக இருந்தது, பார்க்க இல்லை.
மை அண்ட் நூருல்ஸ். பாதியில் மூச்சு வாங்கியது.
மைன் அண்ட் நூருல்ஸ். சண்டைக்கு மறுநாள் எழுதியதுபோல்.
நூருல் அண்ட் ஐஸ்.
செண்டோல் கடையா என்றேன்.
நான்கு பலகை வீணானபின்
வீட்டு எண்ணை மட்டும் வெட்டிக்கொண்டு போனான்.
'ஐ' என்று தனியே நிமிர்ந்து நிற்கும் எழுத்து
இன்னொருவரோடு சேர்ந்து ஒரு கதவைப் பிடிக்க
அந்த மொழியில் இடம் வைக்க மறந்திருக்கிறார்கள்.

இருபது மாதம் கழித்து
அம்சவேணி மட்டும் வந்தாள்.
காரணம் சொல்லவில்லை.
கடைக்கு நடுவில் பிளைவுட் அடித்தாயிற்று,
ஏர்கான் அந்தப் பக்கம், தண்ணீர்க் குழாய் இந்தப் பக்கம்.
ஒப்பந்தம் முடியும்வரை போர்டு மட்டும் ஒன்று.
"இப்ப என்ன மாத்தணும்?"
ஒரு காற்புள்ளி, ஒரு எஸ்.
"அவ்வளவுதானா?"
அவ்வளவுதான். பதினான்கு வெள்ளி, வரி தனி.
நிறையக் கொண்டுவந்திருந்தாள் போலும்,
பணப்பையைத் திறந்தபடியே நின்றாள்.

ஷானுக்கும் அண்டுக்கும் நடுவில்
தேவைக்கு மேல் இடம் விட்டிருந்தேன்.
என் கை அப்படி.
ஏணியில் ஏறி ஒட்டினேன், கச்சிதமாக உட்கார்ந்தது.
தமிழ் வரியைத்தான் பிரிக்க முடியவில்லை.
இன்னொரு தையலகம் வேண்டும், பலகையில் இடமில்லை.
'இருவரின்' சுரண்டிவிடவா என்றேன்.
"விடுங்க. அதைப் படிக்கிறது நான் மட்டும்தானே."

டிசம்பர் மழையில் எஸ் விழுந்துவிட்டது.
நகத்துண்டு மட்டும் ஷானின் தோளில் ஒட்டிக்கொண்டிருக்கிறதாம்.
ஃபோனில் அம்சவேணி சொன்னாள்.
பின்னால் தையல் இயந்திரங்கள் ஓடின,
ஒன்று அருகில்,
ஒன்று பிளைவுட்டுக்கு அப்பால்.
பில் யார் பெயரில் என்று கேட்டேன்.
"விழுந்த எஸ் அவளோடது," என்றாள்.
அருகில் ஓடியது நின்றது.
"போர்டு எங்களோடது."

பில் புத்தகத்தில் பெயருக்கு
ஒரே ஒரு கோடுதான் இருக்கிறது.