வில்லங்கம்

மூலனூர் பதிவாபீசில்
என் வீட்டுக்காரர் எழுதி வைத்தது ஒரே பத்தி:
"மேற்படி பதினோரு ஏக்கர் கொறங்காட்டை
என் மனைவி தெய்வாத்தாள்
தன் ஆயுள் பரியந்தம் அனுபவித்து வர வேண்டியது.
விற்கவோ அடமானம் வைக்கவோ பாத்தியமில்லை.
அவள் காலத்துக்குப் பின்
என் தம்பி மகன் கார்வேந்தன்
சர்வ சுதந்திரமாய் அடைந்துகொள்ள வேண்டியது."

எழுத்தர் படித்துக் காட்டியபோது
"காலத்துக்குப் பின்" என்ற இடத்தில்
ஒரு தடவை இருமினார்.
எனக்கு அப்போது முப்பத்தாறு வயது.

கார்வேந்தனுக்குத் திருப்பூரில்
பனியன் மிசின் எட்டு. கடன் அதற்கும் மேல்.
கைக்கு வராத காட்டை அவன் விற்றுவிட்டான்.
வாங்கியவர் வெள்ளக்கோவில் பைனான்ஸ் தண்டபாணி.
அப்படியும் விற்கலாமா என்று
தாராபுரத்து வக்கீலம்மாவைக் கேட்டேன்.
"விக்கலாமுங்க. உரிமை இன்னைக்கே அவருது.
கைக்கு வர்ற நாள்தான் உங்ககிட்ட இருக்குது."

வில்லங்கம் போட்டுப் பார்த்திருப்பார் தண்டபாணி.
வங்கிக் கடன் இல்லை,
கோர்ட்டில் வழக்கு இல்லை,
நான் இருக்கிறேன்.

தை பிறந்தால் ஒருக்கா வருவார்.
கிளுவை வேலியை ஓரமாக நடந்து பார்ப்பார்.
பிறகு என்னைப் பார்ப்பார்.
"சர்க்கரை எத்தனைங்க இப்ப?"
"நூத்திப்பத்துங்க."
"நல்லதுங்க" என்பார், கொஞ்சம் பொறுத்து.
ஆர்லிக்ஸ் பாட்டில் ஒன்று வைத்துவிட்டுப் போவார்.
பாவம், அவரும் வேறென்னதான் வாங்கி வருவார்.
வட்டியைப் பைசா சுத்தமாகப் போடுகிற மனுசனுக்கு
தவணை தெரியாத பாக்கி.

போன ஆடிக் காற்றில்
மேக்கால வெள்வேல் ஒன்று
வேரோடு சாய்ந்தது.
வெட்ட எனக்கு உரிமையில்லை, தெரியும்.
தானாய் விழுந்தால்?
வக்கீலம்மா தடித்த புத்தகத்தைப் புரட்டினார்.
"நிக்கிற வரைக்கும் காயி, தழை, நெழலு உங்களுது.
விழுந்துட்டா மரம் அடுத்தவருதுங்க."
சொல்லிவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல்
பேனா மூடியைத் தேடினார்.

போன் போட்டேன்.
"விழுந்துருச்சுங்க. வந்து எடுத்துக்கங்க."
அந்தப் பக்கம் சத்தமே இல்லை.
"மரமுங்க" என்றேன்.

லாரி வருவதற்குள்
இருபத்திரண்டு செம்மறியும் தழையை முடித்திருந்தன.
தழை யாருதென்று நான் யாரையும் கேட்கவில்லை.
இரண்டு ஆள், ஒரு மின்ரம்பம், அரை நாள்.
எடைச் சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு
தண்டபாணி வேர்க்குழி ஓரம் குத்தவைத்தார்.
"பதிமூணு வருசத்துல இதானுங்க மொதல் வரவு."
சிரிப்பு வந்தது எனக்கு. அவருக்கும்தான்.
உள்ளே போய்
அவர் கொடுத்த ஆர்லிக்ஸையே கலக்கிக் கொண்டுவந்தேன்.
சர்க்கரை வேண்டாம் என்றார்.
அவருக்கு இருநூற்று நாற்பதாம்.

ஐப்பசி மழை அந்தக் குழியில் நின்றது.
ஆடுகள் இறங்கிக் குடித்தன.
கரையைச் சுற்றிக் கொழுக்கட்டைப் புல்
முழங்கால் உயரம்.
இந்தக் குழி எந்தக் கணக்கில் சேரும் என்று
வக்கீலம்மாவைக் கேட்க நினைத்து
விட்டுவிட்டேன்.

தை பிறந்துவிட்டது.
கடவுப் பக்கம் வண்டிச் சத்தம்.
நேற்றுத்தான் பார்த்துவிட்டு வந்தேன்:
நூற்று நான்கு.