முப்பத்தாறு டிகிரி

கடை ஜெல் குப்பியின் முதுகில்
எறும்பு எழுத்தில் இருபத்தேழு பெயர்கள்.
கடைசியில் 'வாசனை' என்று ஒரே ஒரு சொல்.
அதற்குள் யார் யார் ஒளிந்திருக்கிறார்களோ,
என் நெற்றிக்குத்தான் தெரியும்.
பூசிய மறுநாள்
முடி தொடங்கும் இடத்தில் சிவப்பாய்க் கரை கட்டும்.
டிராம் பணிமனையில் சம்பளக் கணக்கு எழுதுகிறவள் நான்.
சொறிந்துகொண்டே கூட்டினால் பத்து ஃபோரிண்ட் உதைக்கும்.

செவ்வாயும் வெள்ளியும் இரவு எட்டு மணிக்கு
மிஷ்கோல்ட்ஸ் நகராட்சிக் குளத்தில்
நாற்பதைத் தாண்டிய எட்டுப் பேர்
தலைகீழாய் நின்று கால்களை விரிக்கிறோம்.
கொண்டை கலையக் கூடாது. அது விதி.

முதலில் ஆளி விதை.
இரண்டு கரண்டி விதை, ஒரு குவளைத் தண்ணீர்,
முட்டை வெண்கரு போல இழுபடும் வரை கொதி.
சூடு ஆறுமுன் பழைய காலுறையில் பிழிந்தால்
விரலிடுக்கில் வழுக்கிக்கொண்டு இறங்கும்.
முழங்கை மடிப்பில் தடவி இரண்டு நாள் காத்திருந்தேன்.
தோல் ஒன்றும் சொல்லவில்லை.
அது எவ்வளவு பெரிய சேதி என்று
போக்லார்காவுக்குப் புரியாது.
அவள் தோல் எருமைத் தோல், அவளே சொல்வாள்.

சமையலறையில் கல்லாய் நின்ற கொண்டை
குளத்தில் முதல் முழுக்கிலேயே கரைந்தது.
என்னைச் சுற்றிக் கொழகொழவென்று ஒரு மேகம்.
பயிற்சியாளர் இல்திகோ விசில் ஊதினார்.
"கஞ்சி கொட்டியது யார்?"

ஜனவரியில் இங்கே வீட்டுக்கு வீடு
பன்றிக்கால் வேகவைத்துக் குளிரில் உறைய விடுவார்கள்.
பால்கனியில் வைத்த தட்டைக் கேஸா சாய்த்துக் காட்டினான்.
அசையவே இல்லை.
"இதைத் தலையில் பூசேன்" என்றான்.
மூன்றாவது கோப்பை ஒயினில் இருந்தான்.

மணமில்லாத ஜெலட்டின் பொடி, வெந்நீர்.
பெயர்கள் இரண்டே. அதிலும் ஒன்று தண்ணீர்.
மறுபடி முழங்கை, மறுபடி இரண்டு நாள்,
மறுபடி அந்த நல்ல மௌனம்.
ரொட்டிக்கு முட்டை பூசும் தூரிகையால்
ஒருத்தி தலைக்கு ஒருத்தி பூசினோம்.
காய்ந்ததும் வார்னிஷ் அடித்த மரக்கரண்டிகளாய்
ஏழு தலைகள்.

எட்டாவது தோர்க்கா. இறைச்சி தொடாதவள்.
கடல்பாசி அகரைக் காய்ச்சிப் பூசிக்கொண்டாள்.
அது விரிசல் விட்டு வெள்ளைப் பொருக்காய் உதிர்ந்தது.
சிரித்தோம்.
பொருக்கு உதிர்ந்தால் எப்படி இருக்குமென்று தெரிந்த
நானும் சிரித்தேன்.

மார்ச்சில், வெந்நீரூற்று ஊர் ஒன்றில் காட்சி நீச்சல்.
எங்கள் குளம் இருபத்தேழு டிகிரி.
அங்கே முப்பத்தாறு.
காலை விட்டதும் "ஆஹா" என்றாள் போக்லார்கா.
எனக்கு வயிற்றுக்குள் கணக்கு ஓடியது,
குளிரில் உறைந்தது எதில் உருகும்?
இசை தொடங்கிவிட்டது.
தலைக்கு மேல் வெள்ளம்,
இனிச் சாண் என்ன முழம் என்ன.

இரண்டாம் சுழலில் காதோரம் ஏதோ நழுவியது.
மூன்றாவதில் கொண்டை ஊசிகள்
மீன்குஞ்சுகளாய்த் தரை நோக்கிப் போயின.
ஒருத்தி கூந்தல் ஒருத்தி வாயில்,
எது யார் கால் என்றே தெரியவில்லை.
நடுவில் தோர்க்கா மட்டும்
ஒரு இழை பிசகாமல்
விளக்குக் கம்பம் போல.
அவளைப் பார்த்துப் பார்த்து
இடம் பிடித்து
எப்படியோ வட்டத்தை மூடினோம்.

திரும்பும் பேருந்தில் ஈரத் தலைகளிலிருந்து
லேசாய் எலும்பு சூப் வாடை.
பசிக்கிறது என்றாள் யாரோ.
அணைந்த கைபேசித் திரையில் என் நெற்றியைப் பார்த்தேன்.
சிவப்பில்லை. சும்மா ஒரு நெற்றி.
முன் இருக்கையின் தோளைத் தட்டி
"ஒரு குவளைக்கு எத்தனை கரண்டி?" என்று கேட்டேன்.
தோர்க்கா திரும்பவில்லை.
"முதலில் முழங்கையில் தடவு" என்றாள்.