ஒட்டுத்தாள்

கிராண்ட்பாஸ் பண்டகசாலையில்
ஒரு நாளைக்கு எண்ணூறு போத்தல்.
மதுபானம் உடல்நலத்துக்குக் கேடு என்று
மூன்று மொழியிலும் ஒட்டுவது என் வேலை.

ஒசேர் என்று வாசிக்க வேண்டுமாம்.
எழுத்தில் இருப்பதில் பாதியை
விழுங்கிவிடும் ஊர்.
லேபிளில் அது நீல மையில் நிற்கிறது:
ஒரு தேவாலயம், படி இறங்கும் கரை,
யோன் ஆற்றின் மேல் பாலம்,
பாலத்தில் குடை பிடித்த ஒருத்தி,
அரிசியளவு.

ஒட்டுத்தாளின் அகலம் ஆறு சென்ரிமீற்றர்.
எங்கே ஒட்டினாலும் எதையாவது மூடும்.
நான் வானத்தில் ஒட்டினேன்.
வானம் அவர்களுக்கு நிறைய இருந்தது.

நிஸ்தார் குடிக்கமாட்டான், மணந்தும் பார்க்கமாட்டான்;
விலைப்பட்டியலை மட்டும் வரி விடாமல் வாசிப்பான்.
"ஷப்லி மண்ணுல சிப்பி கிடக்காம், பழைய கடலாம்.
சித்திரையில பனி விழுந்தா
முந்திரிகைத் துளிர் கருகாம இருக்க
தோட்டம் முழுக்க
விடிய விடிய மெழுகுதிரி எரிப்பாங்களாம்."
எங்கள் தகரக் கூரைக்குக் கீழே
பசை தானாக உருகிக்கொண்டிருந்தது.
"கொஞ்சம் பனி அனுப்பச் சொல்லு" என்றேன்.

வைகாசி பிறந்ததும் ரொட்ரிகோ மாத்தயா வந்தார்.
எல்லாம் ஒரே மாதிரி, கீழே, நடுவில் என்றார்.
கீழே நடுவில் பாலம்.
அன்று மழை இருட்டி வேலை நிற்கும்வரை
முந்நூறு தடவை அதை மூடினேன்.
காற்றுக்குமிழ் இருக்கக்கூடாது;
குடைக்காரியைப் பெருவிரலால்
அழுத்தித் தேய்த்தேன்.

இரவில் களனி கங்கை உள்ளே வந்தது.
மூன்று நாள் நின்றது,
முழங்காலுக்கு மேல்.

கதவைத் திறந்தபோது தரையெல்லாம் ஒசேர்.
அவர்களுடைய பசை மெல்லிய பசை.
சேற்றில் தேவாலயம்,
இறாக்கைக் காலில் சுற்றிக்கொண்ட ஆறு.
வடிகால் வழியே முகத்துவாரம் பக்கம்
போய்க்கொண்டிருந்தன வானங்கள்,
எங்கள் எச்சரிக்கையைச் சுமந்தபடி.

போத்தல்கள் ஊரில்லாமல் நின்றன,
அந்த முந்நூறைத் தவிர.
ஒட்டுத்தாளின் கீழ்விளிம்பு
கண்ணாடியைப் பிடித்திருந்தது.
ஒன்றை நகத்தால் கிளப்பினேன்.
மூன்று மொழியும் சேர்ந்து கிழிந்தன.
அடியில் பாலம். அதன்மேல்
குடையோடு அவள்.
நிஸ்தார் குனிந்து பார்த்தான்:
"நனயல்லியா?"

வெள்ளம் பட்டதையெல்லாம் அழிக்கச் சொல்லி
கடிதம் வந்தது.
நானே எண்ணினேன்,
நானே கையெழுத்து வைத்தேன்:
லேபிள் உள்ளவை
இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது.