பல்புகள் எத்தனை மீதி

ஐந்நூற்றி இருபது யூரோ என்கிறான் குந்தார்ஸ்.
ஐந்நூறுக்குக் கீழே பேச்சில்லை என்று
அவன் புருவம் முன்பே சொல்லிவிட்டது.

லியபாயாவில் ஒரே ஒரு டிராம் தடம்;
அதன் கடைசி நிறுத்தத்துக்கு எதிரே
சாவி வெட்டித் தருகிற கடையின் பின்பாதியில்
கறுப்புத் துணிமேல் கிடக்கிறது
ஃபுல் ஃப்ரேம், மிரர்லெஸ்.
இது வெளிவந்தபோது என் மகள் இரண்டாம் வகுப்பு.
இப்போது கார் ஓட்டுகிறாள்.

மாட்டுக்குப் பல் பிடிப்பதுபோல் பார்த்தேன்.
கைப்பிடி ரப்பர் கட்டைவிரல் பக்கம் உப்பியிருக்கிறது.
ஷட்டர் அறுபத்தோராயிரம் முறை இமைத்திருக்கிறது.
பேட்டரி நாற்பது சதவீதத்தில் நின்றிருந்து
திடீரென்று ஒன்பதுக்கு இறங்குகிறது,
கடன்காரனைப் பார்த்தவன் சந்துக்குள் நுழைவதுபோல்.
கார்டு செருக ஒரே வாசல்.
மெனுவில் உரிமையாளர் பெயர் இன்னும் அழியவில்லை:
வால்டிஸ் க்ரூமின்ஸ்.
யாரென்று குந்தார்ஸுக்கும் தெரியாது.
இருட்டில் ஃபோகஸ் அலைகிறது,
கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு வீடெல்லாம் தேடுகிறவர் மாதிரி.

இவ்வளவையும் நோட்டில் எழுதி, கோடு போட்டு,
கீழே ஒரு வரி எழுதினேன்:
சத்தம் போடாது.

அதுதான் விஷயம்.
நான் படமெடுப்பது பாடுகிறவர்களை.
ஏரிக்கரைத் தேவாலயத்தில், செவ்வாய்தோறும், நாற்பத்தாறு பேர்.
ஸ்கைத்ரீதே கையை உயர்த்தி
குரல்களை ஊசிமுனைக்கு இறக்கி
நிறுத்திவைக்கிற அந்த இடத்தில்தான்
முகங்கள் தங்களை மறக்கின்றன.
அந்த இடத்தில்தான் என் பழைய கேமரா
உள்ளே கண்ணாடியைத் தூக்கி அடித்து
'கடக்'.
போன ஈஸ்டருக்கு அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.
கை மட்டும் காற்றில் நின்றது.
நாற்பத்தாறு பேரும் என்னைப் பார்த்தார்கள்.
அந்தப் படமும் என்னிடம் இருக்கிறது. நல்ல படம்.

இதை மௌனத்தில் வைத்து அழுத்தினேன்.
"எடுத்துவிட்டாயா?" என்றான் குந்தார்ஸ்.
திரையில் அவன் நெற்றி, கன்னம், கழுத்தெல்லாம்
கறுப்புப் பட்டை பட்டையாக.
ஒரு வரிக்குதிரை சாவிக்கடை வைத்ததுபோல்.
"எல்.இ.டி.," என்று மேலே காட்டினான்.
"சென்சார் மெதுவாகப் படிக்கிறது. இதன் வயசுக்காரர்கள் அப்படித்தான்.
புதுசு வாங்கு. இரண்டாயிரத்து முந்நூறு."

இரண்டாயிரத்து முந்நூறில்
எங்கள் கூரையின் மேற்குப்பக்கம் முழுதாக இருக்கிறது.
காற்று பிறக்கும் ஊர் என்பார்கள் இதை;
பிறந்ததும் முதலில் வருவது எங்கள் வீட்டுக்கு.

டிராம் ஏறாமல் நடந்தேன்.
கேமரா வாங்கப் போய்
பல்பு வாங்காமல் திரும்புவது எப்படி?

காப்பாளர் யாஸெப்ஸ் தரையில் மெழுகு சுரண்டிக்கொண்டிருந்தார்.
"மேலே தொங்குவது என்ன விளக்கு?"
"பழசு. இழை பல்பு. ஏன், கண்ணுக்கு ஆகவில்லையா?"
"எப்போது மாற்றுவீர்கள்?"
"தீரும்போது."
"எத்தனை மீதி?"

தணிக்கைக்கு வந்தவளோ என்று ஒரு பார்வை.
பிறகு அங்கிகள் தொங்கும் அலமாரியைத் திறந்து
அட்டைப்பெட்டியை இறக்கினார்.
ஒவ்வொன்றாகக் காதருகே ஆட்டி எண்ணினோம்.
இழை அறுந்தது கிணுகிணுக்கும்.
கிணுகிணுக்காதவை முப்பத்தேழு.
"வருஷத்துக்கு எட்டு போகும், ஒன்பது போகும்.
கிறிஸ்துமஸுக்கு நிறைய எரித்தால் பத்து."

நான்கு வருஷம்.
கோடை விடுமுறையைக் கழித்து, செவ்வாய்களால் வகுத்தால்
ஒரு செவ்வாய்க்கு மூன்று யூரோ சொச்சம்.
ஒரு காபி. கேக் இல்லாமல்.

கடை மூடுகிற நேரத்தில் போய் நின்றேன்.
ஐந்நூறு. பேட்டரி மூன்று. கழுத்துப்பட்டை.
யானை வாங்கியவள் அங்குசத்துக்கு அழலாமா?
அழுதேன். அடாப்டரும் கொடுத்தான்.

செவ்வாய்.
ஸ்கைத்ரீதேயின் கை மேலே போகிறது.
குரல்கள் இறங்குகின்றன, இன்னும் இறங்குகின்றன.
மூன்றாம் வரிசைக்கு மேலே ஒரு பல்பு போகிறது.
பாடுகிறவர்களுக்குத் தெரியவில்லை.
தூணருகே நின்ற யாஸெப்ஸ் என்னைப் பார்த்து
உதட்டை மட்டும் அசைக்கிறார்:
முப்பத்தாறு.

அழுத்துகிறேன்.
யாரும் திரும்பவில்லை.
படத்தின் அடியில், சின்ன எழுத்தில்,
வால்டிஸ் க்ரூமின்ஸ்.