குடைந்த எடைக்கல்

வாரத்தில் ஆறு நாள் எனக்குத் தராசுதான்.
போன வெள்ளிக்கிழமை, லீ பஜார்,
ஒரு மஞ்சள் மண்டி.
இரண்டு கிலோ இரும்புக்கல்லைக் கவிழ்த்துப் பார்த்தேன்.
அடியில் குடைந்து, ஈயத்தை எடுத்து,
மெழுகு வைத்துக் கரி பூசியிருந்தார்கள்.
நூற்றுப்பத்து கிராம் குறைவு.
"இத்தனூண்டு ஓட்டைக்கா மேடம் கேஸு?"
என்றார் மண்டிக்காரர்.
கல்லைப் பறிமுதல் செய்து கையெழுத்து வாங்கினேன்.

ஞாயிறு.
இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி
ஏற்காடு ஏரி.
அக்கா வீட்டுக்காரர் தேசிங்கு,
தொண்ணூற்றெட்டு கிலோ
(என் கண் போட்ட எடை, பிழை ஒரு கிலோவுக்குள்),
படகில் கால் வைத்தார்.
தண்ணீர் இரண்டு விரல் ஏறி வந்து
விளிம்புக்குக் கீழே நின்றது.
நின்றது என்றால் நின்றதுதான்.
என் ஆபீஸ் தராசின் முள்
இத்தனை சீக்கிரம் அடங்கியதில்லை.

"முழுக்க இரும்புங்க" என்றார் துடுப்புப் போடும் சேர்வராயன்,
விரல் முட்டியால் பக்கத்தில் தட்டி.
"இதையே அடிச்சுத் தட்டையாக்கிப் போடுங்க,
மறு நிமிசம் சேத்துல கெடக்கும்."

பாலிடெக்னிக்கில் படித்ததுதான்.
பரீட்சைக்கு எழுதியதுதான்.
ஆனாலும் அதன் மேல்
அதுவரை உட்கார்ந்து பார்த்ததில்லை.

தண்ணீரில் ஒரு பள்ளம் பறித்து
அதற்குள் இருக்கிறோம்.
அந்தப் பள்ளத்தில் முன்பிருந்த தண்ணீரின் எடை
நாங்கள் ஐந்து பேர், இந்த இரும்பு,
துடுப்பு இரண்டு, மிளகாய்ப்பொடி தூவிய மாங்காய்,
எல்லாம் சேர்ந்த எடை.
ஒரு குன்றிமணி கூடாது, குறையாது.
வெளியேற்றப்பட்ட தண்ணீர்
தன் இடத்தைத் திருப்பிக் கேட்டு
கீழிருந்து முட்டிக்கொண்டே இருக்கிறது.
அந்த முட்டலின் மேல் சாய்ந்து
மாமா செல்ஃபி எடுக்கிறார்.

குடைந்த இரும்பு மண்டியில் பொய் சொன்னது.
இங்கே குடைவு இல்லையென்றால்
யாருக்கும் சவாரி இல்லை.
வழக்கு எண் போட்ட அந்தக் கல்
பீரோவுக்குள் என்ன நினைக்கும்?

நடு ஏரியில் தன்விகா காலை உதற,
கொலுசு கழன்று
'புளுக்.'
செவ்வாய்ப்பேட்டையில் நானே நிறுத்து வாங்கியது.
முப்பத்தொன்றரை கிராம்.

குழந்தை வீறிட்டது.
அக்கா குனிந்தாள், படகு சாய்ந்தது,
"ஆடாதீங்க! ஆடாதீங்க!" என்றார் சேர்வராயன்.
எனக்குள் கணக்கு ஓட ஆரம்பித்துவிட்டது.

படகில் கிடந்தவரை அந்த வெள்ளி
தன் எடைக்குத் தண்ணீரை விலக்கியது:
முப்பத்தொன்றரை கிராம்.
முழுகியதும் தன் உடம்பளவுதான்:
மூன்று கிராம்.
அப்படியானால் மீதி இருபத்தெட்டரைக்கு
ஏரி இப்போது இறங்கியிருக்க வேண்டும்.
ஒரு பொருள் உள்ளே விழுந்ததால்
கீழே போன ஏரி.
இத்தனை அகலத்தில் அதைக் காட்ட
எந்தக் கருவியும் இல்லை.
முத்திரை வைக்க எனக்கு அதிகாரமும் இல்லை.
ஆனால் இறங்கியிருக்கிறது.

படித்துறையின் கடைசிக் கல்லில்
ஈரக்கோட்டைத் தேடிக்கொண்டிருந்தேன்.

"அங்க என்னடி பாக்குற?" என்று
அக்கா கத்தினாள்.
"கொலுசு விழுந்தது இங்க!"