டப்பா திரும்பும் வாரம்

தீபாவளிக்கு மறுநாள்
கோல கெட்டில் கிளினிக் பூட்டிக் கிடக்கும்.
என் வாய்க்குத்தான் பூட்டில்லை என்பார்கள்.
நான் தாமான் முனையில் திரும்புவதற்குள்
'மிஸ்ஸி வருது, மிஸ்ஸி வருது' என்று
செய்தி எனக்கு முன்னால் ஓடிவிடும்.

வீரப்பெருமாள் வீட்டில் நுழைந்தேன்.
தட்டு சோபாவுக்கு அடியில்.
வாயில் பாதி நெய்யுருண்டை.
விழுங்கவும் முடியாமல், துப்பவும் முடியாமல்
'வாங்க' என்று கண்ணால் சொல்கிறார்.
மீசையில் மாவு.
முப்பது வருடம் செம்பனைக் குலை வெட்டிய தோள்.
இடது காலில் கட்டைவிரல் இல்லை,
தைப்பூசம் முடிந்த வாரம்
சுங்கை பட்டாணி ஆஸ்பத்திரியில்
விட்டுவிட்டு வந்தார்.

நான் ஒன்றும் சொல்லவில்லை.
'ஒண்ணே ஒண்ணுதான் மிஸ்ஸி'
என்றார், வாய் காலியானதும்.
இந்த ஒண்ணு எத்தனை என்று
எந்தக் கணக்கு வாத்தியாரும் சொல்லித் தரவில்லை.

காலையில் பசியாற தோசையும் ஆட்டுக்கறியும்.
அதற்குப் பிறகு ஏழு வீடு,
ஏழு கிளாஸ் கலர் தண்ணி.
வேண்டாம் என்றால் வீட்டுக்காரிக்கு முகம் சுருங்கும்.
அந்த முகம் சுருங்காமல் பார்த்துக்கொண்டதில்
எத்தனை பேருக்குச் சிறுநீரகம் சுருங்கியது
என்று என் ஃபைல் அலமாரிக்குத் தெரியும்.

மரம் வெட்டி, வாளி தூக்கி, மேடேறி இறங்கியபோது
உடம்பே எரித்துவிட்ட சர்க்கரை
இப்போது தொழிற்சாலை வாசலில்
செக்யூரிட்டி நாற்காலியில்
பன்னிரண்டு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறது.

இதில் டப்பா வேறு.
இந்த ஊரில் யாரும்
வெறும் டப்பாவைத் திருப்பித் தருவதில்லை.
நான் கொடுத்த முறுக்கு டப்பா
ரொஹானி வீட்டில் இரண்டு நாள் தங்கி
மூன்று வண்ணக் கூவேயாகத் திரும்பும்.
கழுவிப் புனிதவதிக்கு அனுப்பினால்
அதிரசமாகத் திரும்பும்.
மூடி மாறும்,
பெயர் எழுதி ஒட்டிய பிளாஸ்டர் மாறும்,
இனிப்பு மட்டும் ஊரை விட்டுப் போவதே இல்லை.

இனி சொல்வதை வெளியே சொல்லாதீர்கள்.

இரவு, எல்லாரும் படுத்த பிறகு,
ஐஸ்பெட்டி வெளிச்சத்தில் நின்றபடி
புனிதவதியின் அதிரசம் தின்றேன்.
ஓரம் மொறுமொறு, நடுவில் ஈரம், ஏலக்காய்.
ஒண்ணே ஒண்ணு.
அப்புறம் இன்னொரு ஒண்ணு.
மூன்றாவதற்குக் கணக்கில்லை, அது உடைந்திருந்தது.

பையைத் திறந்து,
வருடம் முழுக்க அடுத்தவர் விரலில் குத்தும் ஊசியை
என் மோதிர விரலில் குத்தினேன்.
பன்னிரண்டு புள்ளி நாலு.
மெஷின் பழசு என்று நினைத்தேன்.
இதே வார்த்தையை வீரப்பெருமாள் சொன்னபோது
சிரித்தவள் நான்.
மறுபடி குத்தினேன்.
பன்னிரண்டு புள்ளி ஆறு.

தூக்கம் எங்கே வரும்?
விடிவதற்குள் சப்பாத்து மாட்டிக்கொண்டு
செம்பனை நடுவே மண்பாதையில் இறங்கினேன்.
எனக்கு முன்னால் ஒரு டார்ச்சு விளக்கு
ஒருபக்கம் சாய்ந்து சாய்ந்து போனது.
விந்தி நடக்கும் வீரப்பெருமாள்.
என்னைக் கண்டதும் பழக்கத்தில்
கையைப் பின்னால் ஒளித்தார்.
கையில் ஒன்றுமே இல்லை.

'உங்களுக்கு எவ்வளவு மிஸ்ஸி?'
யாரும் என்னை அப்படிக் கேட்டதில்லை.
சொன்னேன்.
அவர் சிரிக்கவில்லை.
'மெஷின் பழசா இருக்கும்' என்றார்.

எடைமேடை வரை நடந்தோம்.
முதல் குலை லோரி தூசி கிளப்பிப் போனது.
திரும்பும்போது அவருக்கு மூச்சு வாங்கவில்லை,
எனக்கு வாங்கியது.

புனிதவதியின் டப்பா
கழுவிக் கவிழ்த்தது, சிங்க் ஓரத்தில்
இன்னும் காய்ந்துகொண்டிருக்கிறது.
வெறுமனே கொடுக்க மனசு வரவில்லை.
வேலியில் பாகற்கொடி,
நாலு காய் தேறும்.

ஏசுவாளோ, என்னமோ.